கஞ்சன் வாட்ச்சும் கிணத்து முறையும்

போன கார்த்திகை மாசம். கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி போயிட்டிருந்த நேரம். கோயமுத்தூர்ல மென்பொருள் கம்பெனியில வேலை பார்க்கிற ஒரு தம்பி, என் மச்சினனோட சிநேகிதர், காரை வாசல்ல நிறுத்திட்டு வந்து திண்ணையில உட்கார்ந்தார். மோர் குடிச்சு முடிச்சதும் சட்டைப் பையிலிருந்து, கண்ணுக்குள்ள இடுக்கிக்கிற சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்தார்.

"அண்ணா, உங்க ஊட்டுல தாத்தா, அப்பா காலத்து வாட்ச் ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

பழைய வெங்கலம், மரத்தூண், ஆட்டுக்கல்லு தேடி ஆள் வருவது எங்களுக்குப் பழக்கம்தான். வாட்ச் தேடி வந்தவர் இவர்தான் முதல் ஆள். சென்னிமலையைச் சுத்தி இருக்கிற ஊர்கள்ல பீரோவுக்குள்ள என்னென்ன தூங்குதோ தெரியாதுங்ணா, அதுதான் எங்களை மாதிரி ஆளுங்களுக்குக் கனவு என்றார். ரோலக்ஸ் தேடறீங்களா என்று கேட்டேன். சிரிச்சார். "இல்லீங்ணா, எச்.எம்.டி."

எனக்கும் சிரிப்பு வந்திருச்சு. ஊருக்கு ஊர், கைக்குக் கை இருந்த வாட்ச்சைத் தேடி ஒருத்தர் பெட்ரோல் போட்டுக்கிட்டு வருவார்னு நான் நினைச்சதில்லை. ஆனா அவர் போன பிறகு இந்த ரெண்டு மாசமா எனக்கு அதே நினைப்பு. எங்க ஊருக்குள்ள மணி எப்படி வந்தது, எதுக்காக வந்தது என்று யோசிச்சுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதறேன்.

எங்க அப்பாரு காலத்துல யாரும் மணி பார்க்கலை. வெள்ளி முளைச்சா எழுந்திருச்சு கவலை பூட்டுவாங்க. கவலைன்னா, ரெண்டு எருது பின்னுக்கும் முன்னுக்கும் நடந்து, தோல் சால்ல கிணத்துத் தண்ணியை மேலே இழுக்கிற ஏற்பாடு. சூரியன் உச்சிக்கு வந்தா மாட்டை அவிழ்த்துடணும். நிழல் எத்தனை அடின்னு காலால அளந்து சொல்ற பெரியவங்க இருந்தாங்க. நாழிகைக் கணக்கும் உண்டு. பகலும் இரவும் சேர்த்து 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிஷம். அது கல்யாண முகூர்த்தத்துக்கும் ஜாதகத்துக்கும்தான். தண்ணி கட்டறதுக்கு மாட்டோட மூச்சுதான் கணக்கு.

கைக்கடிகாரம் என்ற சாமான் அப்பவும் இந்த நாட்டில் இருந்ததுதான். பம்பாயில் ஃபாவ்ர் லூபா கம்பெனி 1865லேயே கால் வைத்துவிட்டது. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி 1886ல் அங்கேயே தொடங்கியது. அவங்களோட 'சவார்' வாட்ச், பேருக்கேத்த மாதிரி, குதிரைப்படை வீரர்களையும் பட்டாளத்தையும் நினைச்சு விற்றது. சென்னையில் பி.ஆர் அண்ட் சன்ஸ். பீட்டர் ஆர் என்ற வெள்ளைக்காரர் 1849ல் ஆரம்பிச்ச கடை. மவுண்ட் ரோட்டில் 1879ல் எழுந்த அவங்க கட்டடத்தை உங்களில் நிறையப் பேர் பார்த்திருப்பீங்க. சுவிட்சர்லாந்தில் செய்து, டயல்ல அந்தக் கடைப் பேரைப் போட்ட பாக்கெட் வாட்ச்களை இன்னைக்கும் சேகரிப்பாளர்கள் தேடறாங்க. அந்தத் தம்பியே சொன்ன இன்னொரு சேதி: திருப்பிப் போட்டு முகத்தை மறைக்கிற ரிவர்சோ என்ற வாட்ச் 1931ல் பிறந்ததே, இந்தியாவில் குதிரை மேல போலோ விளையாடின ஆங்கிலேய அதிகாரிகள், கண்ணாடி உடையுதுன்னு குறைப்பட்டதால்தானாம்.

இதெல்லாம் பெரிய இடத்து விஷயம். எங்க பக்கம் வாட்ச் கட்டினவர் என்றால் ரயில்வே ஆள், பெரிய பண்ணையக்காரர், மில் மேனேஜர், கொஞ்சம் வாத்தியார்கள். மத்தவங்களுக்கு மணி தேவைப்படலை.

தேவை வந்தது கரண்டோடதான். பைக்காரா மின்சாரம் 1932ல் ஆரம்பிச்சு, கோயமுத்தூர் மில்களுக்கு வந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா காட்டுக்குள்ள கம்பம் நட்டு, எங்க கிணறுகளுக்கு வந்து சேர்றதுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. மோட்டார் கோயமுத்தூர்லயே செய்தாங்க. மோட்டார் வந்ததும் கவலை நின்னுச்சு. அங்கேதான் புதுச் சிக்கல்.

எங்க கிணறு நாலு பங்காளிகளுக்குப் பொது. கவலை இருந்தவரைக்கும் ஆளுக்கு ஒரு நாள் முறை. மாடு களைச்சா அன்னைக்கு முடிஞ்சது, சண்டைக்கு இடமில்லை. மோட்டார் களைக்காது. கிணத்துல ஊத்து இருக்கிறவரைக்கும் இழுத்துக்கிட்டே இருக்கும். அதனால முறையை மணிக்கணக்கா மாத்தினாங்க. காலையில் ஆறு முதல் பன்னிரண்டு ஒருத்தர், பன்னிரண்டு முதல் ஆறு இன்னொருத்தர், ராத்திரி மத்த ரெண்டு பேர். பத்து நிமிஷம் தாண்டினா ஒரு பாத்தி வெங்காயத்துக்குத் தண்ணி போயிரும். "உங்க வாட்ச் ஓட்டம்", "உங்க வாட்ச் நொண்டி" என்று வரப்பு மேல நின்னு கத்தினது எனக்கே ஞாபகம் இருக்கு. ஒரு தடவை மண்வெட்டி வரைக்கும் போயிருச்சு.

1955ல் பவானிசாகர் அணை முடிஞ்சு, கீழ்பவானி வாய்க்கால் ஓட ஆரம்பிச்சதும் முறைப்பேச்சு இன்னும் கூடியது. எந்த மதகுக்கு எந்தப் போகம், எந்த வயலுக்கு எந்த நேரம் என்று கணக்குக் கணக்காப் பிரிச்ச வாய்க்கால் அது. மடையில தண்ணி திருப்பறதுக்கும் மணி பார்த்தாகணும்.

இந்த நேரத்தில்தான் எச்.எம்.டி வருது. 1953ல் பெங்களூரில் இயந்திரங்கள் செய்ய அரசாங்கம் தொடங்கின கம்பெனி. இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ். 1961ல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட சேர்ந்து வாட்ச் ஆலை போட்டாங்க. முதல்ல வந்த கைக்கடிகாரங்களை நேருவே வெளியிட்டார். 'ஜனதா' என்று பேர். பேரிலேயே யாருக்கான வாட்ச் என்று இருக்கு. தினமும் சாவி கொடுக்கணும். ஒரு நாளைக்கு மேல ஓடும், ரெண்டாம் நாள் மறந்தா நின்னுரும். நொடிக்கு ஐந்து தட்டு. காதுல வெச்சா அந்தச் சத்தம் ஒழுங்காக் கேட்கும்.

டயல்ல 17 ஜுவல்ஸ் என்றும், பாரா ஷாக் என்றும் எழுதியிருக்கும். ரெண்டாவது, கீழே விழுந்தா உள்ளே இருக்கிற மெல்லிசான அச்சு முறியாமல் தாங்கற ஏற்பாடு. முதலாவதைப் பத்தித்தான் ஊருக்குள்ள கதை. 17 கல் வாட்ச் என்பாங்க. உள்ளே பதினேழு மாணிக்கம் இருக்குதுன்னு நம்பி, செத்துப் போன வாட்ச்சைப் பிரிச்சுக் கல் தேடினவங்களும் உண்டு. மாணிக்கம்தான், ஆனா ஆலையில் செய்த மாணிக்கம். சக்கரங்களோட அச்சு தேயாமல் சுத்தறதுக்கு, ஓட்டை போட்ட கடுகு மாதிரிக் கல். நகைக்கடைக்காரன் காசு தரமாட்டான். இதில் ஒரு வேடிக்கை, செயற்கைக் கல் செய்யற ஆலை எங்க கொங்குலயே, மேட்டுப்பாளையத்தில் இருந்தது. இந்தோ–சுவிஸ் என்று பேர். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டினாங்க. அது மோதிரத்துக்கும் தோட்டுக்கும்.

எங்க அய்யன் (அப்பாவை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) 1971ல் மஞ்சள் வித்த காசுல ஈரோட்டில் ஒரு ஜனதா வாங்கினார். கிணத்து முறைக்காகத்தான் வாங்கினார், அழகுக்கில்லை. வாங்கின வாரத்துலயே மத்த மூணு பங்காளிகளும் சேர்ந்து ஒரு தீர்மானத்துக்கு வந்தாங்க: காலையில் 7.15க்கு ரேடியோவில் டில்லித் தமிழ்ச் செய்தி ஆரம்பிக்கும்போது நாலு பேரும் திண்ணையில உட்கார்ந்து இந்த வாட்ச்சைச் சரி பண்ணணும். அப்புறம் நாள் முழுக்க இந்த வாட்ச் சொல்றதுதான் மணி. ராத்திரி முறைக்காரர் வீட்டுக்கு வாட்ச்சே போயிரும். கைமாறி, கைமாறி, நாலு வீட்டு வேர்வையும் அதில் ஊறியிருக்கு. அதுக்கப்புறம் கிணத்து மேட்டில் மண்வெட்டி தூக்கினதா எனக்குத் தெரிஞ்சு இல்லை. எத்தனை பஞ்சாயத்து வெச்சும் தீராததை ஒரு சாவி கொடுக்கிற மெஷின் தீர்த்தது.

நெசவுக்காரங்க கதை வேற. சென்னிமலைப் போர்வை உங்க வீட்டிலும் இருக்கும். தறிக்காரர் கெஜத்துக்குக் கூலி வாங்கறவர். நெய்யறதுக்கு அவருக்கு மணி வேண்டியதில்லை. ஆனா தீபாவளி போனஸ் வந்ததும் முதலில் வாட்ச் வாங்கினது அவங்கதான். என்னோட பள்ளிக்கூடச் சிநேகிதன் வீட்டுல, தறிக்குழியில உட்காரும்போது அவனோட அப்பா வாட்ச்சைக் கழட்டி முருகன் படத்து ஆணியில மாட்டுவார். மலைக்கு 1,320 படி ஏறிச் சாமி கும்பிடப் போகும்போது மட்டும் கையில கட்டுவார். அந்த மாதிரி வாட்ச் தேயாம இருக்கும். தம்பிக்கு இதைச் சொன்னதும் கண்ணு விரிஞ்சது.

இனி, கஞ்சன். எச்.எம்.டியில் ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று நிறைய வந்தது. கஞ்சன் என்பது தங்க நிறத்துல, சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவாந்தரமான கூடோட, கிழமையும் தேதியும் காட்டற ஆட்டோமேட்டிக். சாவியே வேண்டாம், கை ஆட ஆட ஓடும். இந்தியில் கஞ்சன் என்றால் பொன். நம்ம ஊர்ல அந்தப் பேரைக் கேட்டுச் சிரிக்காதவங்க இல்லை. ஆனா வாங்கறதுக்குத்தான் கஞ்சத்தனம் காட்ட முடியாது. நினைச்சா கிடைக்காது, வரிசையில பேர் எழுதி வெச்சுக் காத்திருக்கணும், இல்லைன்னா மேல காசு வெச்சு வாங்கணும். இந்தியா பூராவுக்கும் அது மாப்பிள்ளை வாட்ச் ஆயிருச்சு.

எங்க பக்கத்தைப் பத்தி ஒரு சேதி சொல்லணும். கொங்குல பழைய வழக்கம் பரியம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் பெண் வீட்டுக்குப் பணம் வெச்சு, சீர் கொண்டு வந்து, பெண் கேட்பாங்க. பெண் வீட்டிலிருந்து கேட்டு வாங்கறது பிற்பாடு, படிச்ச மாப்பிள்ளையும் சம்பளக்கார மாப்பிள்ளையும் வந்த பிறகு வந்தது. மோதிரம், வாட்ச், சைக்கிள் என்று ஆரம்பிச்சு, சைக்கிள் போய் பைக் ஆச்சு. எச்.எம்.டி வாட்ச் ஆலை வந்த அதே 1961ல்தான் வரதட்சணைத் தடைச் சட்டமும் வந்தது. ரெண்டில் எது எங்க ஊருக்கு வந்து சேர்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1983ல் எங்க பெரியம்மா மகளுக்கு, எனக்கு அக்கா முறை, உப்புச் சக்கரை மாத்தினாங்க. நிச்சயத்துக்கு நாங்க சொல்ற பேர் அது. மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம். "வாட்ச்சுன்னா கஞ்சன்தானுங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிட்டாங்க. பெரியப்பா மூணு ஊர் அலைஞ்சார். கடைசியில ஒரு கடையில, விலைக்கு மேல கையில தனியா எண்ணிக் கொடுத்து, பில் இல்லாம வாங்கினார். பில்லுக்கு அடங்காத பணத்துக்கு ஒரு கறவை எருமை போச்சு. கூடப் போன எனக்குப் பதினஞ்சு வயசு. திரும்பி வர்ற பஸ்ல அந்தப் பெட்டியை நான்தான் மடியில வெச்சிருந்தேன். திறந்து பார்க்க விடலை.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, பைக்குக்கு முன்பணம் இன்னும் வரலைங்களேன்னு ஆள் அனுப்பினாங்க. அடுத்த வாரம் அவங்களே நிறுத்திட்டாங்க. அடிச்ச பத்திரிகைக் கட்டு எங்க வீட்டு அட்டாலியில ரொம்ப வருஷம் கிடந்தது. பின்பக்கம் வெள்ளையா இருந்ததால நான் அதில் கணக்குப் போட்டுப் படிச்சேன்.

அக்காவுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு காங்கயம் பக்கம் கல்யாணம் ஆச்சு. அவங்க வாட்ச் எதுவும் கேட்கலை. இருந்ததைக் கொடுக்கலாம் என்று யாரோ சொன்னப்ப, "அந்தப் பீடையை எம் புள்ளைகூட அனுப்ப மாட்டேன்" என்று பெரியம்மா சொல்லிட்டாங்க. கஞ்சன் பீரோவுக்குள்ளயே போயிருச்சு.

அந்தப் பக்கம், ஓசூரில் வேற ஒரு வேலை நடந்தது. 1984ல் டாடாவும் நம்ம தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கம்பெனி தொடங்கினாங்க. பேர்லயே ரெண்டும் இருக்கு: டாடா இண்டஸ்ட்ரீஸின் 'டி.ஐ', தமிழ்நாட்டின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த 'டன்'. சக்கரமும் சாவியும் போய் குவார்ட்ஸ் வந்தது. சின்ன பேட்டரி, நொடிக்கு 32,768 தடவை அதிர்ற ஒரு படிகம். மாசத்துக்கே சில நொடிதான் தப்பும். எச்.எம்.டியும் குவார்ட்ஸ் செய்தது, ஆனா சாவி வாட்ச்தான் மக்களுக்கு வேணும் என்ற நினைப்பை விடவே இல்லை. 10 கோடி வாட்ச்சுக்கு மேல செய்த கம்பெனி நஷ்டத்துல விழுந்து, 2016 ஜனவரியில் எச்.எம்.டி வாட்ச் கம்பெனியை மூடறதுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பெங்களூர் ஜலஹள்ளியில் இப்போ மியூசியம் வெச்சிருக்காங்க. அந்தப் பழைய ஃபாவ்ர் லூபா பேரையும் 2011ல் டைட்டனே வாங்கி, பிறகு கைமாத்தி விட்டுருச்சு. இதெல்லாம் நடந்தப்ப எங்க ஊர்ல யாரும் கவனிக்கலை. செல்போன் வந்திருந்தது.

மூடப்போறாங்க என்ற செய்தி வந்ததும்தான் நகரத்துல தேட ஆரம்பிச்சிருக்காங்க. தம்பி ஒரு பட்டியலே ஒப்பிச்சார். டயல்ல எச்.எம்.டியும் சிட்டிசனும் ரெண்டு பேரும் இருக்கிற ஆரம்ப கால வாட்ச். இந்தி எழுத்தில் 'ஜனதா' என்று போட்டது. பட்டாளத்துக்குச் செய்த, 24 மணி எண்களும் இருக்கிற 'ஜவான்'. பார்வையில்லாதவங்க மூடியைத் திறந்து விரலால தடவி மணி பார்க்கிற பிரெய்ல் வாட்ச். அப்புறம் பெட்டி, வாரண்டி அட்டையோட கட்டாத கஞ்சன்.

ஆசை இருக்கிற இடத்துல போலியும் இருக்கும்தானே. செத்த வாட்ச்களை வாங்கி, டயலைச் சுரண்டி, ஆரஞ்சு, பச்சை, மயில் நீலம் என்று புதுப் பெயிண்ட் அடிச்சு 'பைலட்' என்று எழுதி விற்கிறாங்களாம். நிஜமான பைலட் கருப்பு டயல்தான் பிரசித்தம். போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டேன். எழுத்து தடிச்சு, மை பரவின மாதிரி இருக்கும். நிமிஷக் கோடு ஒரே சீரா இருக்காது. ஐம்பது வருஷ வாட்ச்சுக்கு ஐந்து மாச டயல் இருந்தா நம்பக்கூடாது என்றார். நல்ல புத்திசாலிப் பையன்.

அப்பத்தான் அய்யனோட ஜனதாவைக் கொண்டு வந்து கொடுத்தேன். கொஞ்சம் பெருமையோடதான் கொடுத்தேன். லென்ஸை இடுக்கிக்கிட்டுப் பார்த்தார். பின்மூடியைத் திறந்தார். முகம் மாறலை, ஆனா பேச்சு மெதுவாச்சு.

"அண்ணா, மெஷின் ஜனதாவோடதுதானுங்க. டயல் ரீபெயிண்ட். நிமிஷ முள்ளு வேற மாடலோடது. பின்மூடி பைலட்டோடது. சாவித் திருகு ஒரிஜினல் இல்லீங்க."

"கதம்பம்னு சொல்லுங்க."

"அப்படித்தாங்ணா."

எல்லாமே நிஜம். மடையில தண்ணி திருப்பும்போது வாட்ச்சுக்குள்ள தண்ணி போய் டயல் அழுகினது எனக்குத் தெரியும். ஈரோட்டில் ஒரு பெட்டிக்கடைக்காரர் வெள்ளை பெயிண்ட் அடிச்சு எழுதிக் கொடுத்தார். முள் துருப்பிடிச்சது ஒரு வருஷம், திருகு தொலைஞ்சது ஒரு வருஷம். கண்ணாடி எத்தனை தடவை மாத்தினார் என்று கணக்கே இல்லை. கையிலிருந்த உதிரியைப் போட்டு ஓட வெச்சாங்க. ஓடணும், அவ்வளவுதான் வேலை. கிணத்து முறை காத்திருக்குமா? நல்லாப் பார்த்துக்கிட்டது என்று நாங்க நினைச்சதெல்லாம் அவர் கணக்கில் கெடுத்தது ஆயிருச்சு. விலை கேட்டேன். "ஒரு ஐநூறு போகுமுங்க" என்றார். கொஞ்சம் வலிச்சதுதான்.

அப்போ கட்டின வாட்ச்சுக்கு மதிப்பே இல்லையா தம்பி என்று கேட்டதுக்கு ஒரு கதை சொன்னார். பால் நியூமன் என்று அமெரிக்க நடிகர். அவரோட மனைவி வாங்கிக் கொடுத்த ரோலக்ஸ். பின்பக்கம், வண்டியைப் பார்த்து ஓட்டு என்ற அர்த்தத்துல வாசகம் பொறிச்சிருந்தது. 1984ல் மகளோட சிநேகிதப் பையன் ஒருத்தன் அவங்க வீட்டில் மரத்து மேல இருந்த குடிலைச் சரிபண்ணிட்டிருந்தான். மணி என்னப்பா என்று இவர் கேட்க, என்கிட்ட வாட்ச் இல்லை என்று அவன் சொல்ல, கையிலிருந்ததைக் கழட்டிக் கொடுத்துட்டாராம். 2017ல் நியூயார்க்கில் அது ஏலத்துக்கு வந்து 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல போனது. கட்டித் தேஞ்ச வாட்ச்தான். கட்டினவர் யாருன்னு தெரியணும், அதுக்குக் காகிதம் இருக்கணும் அண்ணா, என்றார். எங்க கிணத்து மேட்டுக்குக் காகிதம் யார் கொடுக்கிறது?

ஏமாத்தத்தோட அனுப்ப மனசில்லாம, பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். பெரியம்மாவுக்கு எண்பத்தாறு. "அந்த வாட்ச் இருக்குதுங்களா பெரியம்மா?" என்று கேட்டதும் எந்த வாட்ச் என்று கேட்கலை. சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாங்க. பீரோவில் கூறைச்சேலைக்கு அடியில, நாப்தலின் உருண்டை வாசத்தோட அந்தப் பெட்டி. நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, நான் அப்பத்தான் முதல் தடவை திறந்து பார்க்கிறேன்.

தம்பி கை துடைச்சுக்கிட்டுத்தான் தொட்டார். கண்ணாடி மேல ஒட்டின பிளாஸ்டிக் தாள் கூட உரிக்கலை. அட்டை இருந்தது. லேசா அசைச்சார், நொடிமுள் ஓட ஆரம்பிச்சது. "அண்ணா, இதுதான் நான் தேடறதுங்க" என்றார், ரகசியம் சொல்ற மாதிரி. இப்படிக் கை படாத வாட்ச் எப்படிங்க இந்த ஊர்ல தப்பிச்சது என்று கேட்டார். நான் கதையைச் சொன்னேன். அவருக்குச் சங்கடமாப் போச்சு, பாவம். பெட்டியைக் கீழே வெச்சுட்டார். அப்புறம் பெரியம்மா கிட்டத் திரும்பி, பன்னிரண்டாயிரம் தரேனுங்கம்மா, வேணும்னா யோசிச்சுச் சொல்லுங்க, என்றார்.

பெரியம்மா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துட்டு இருந்தாங்க.

"பன்னெண்டாயிரத்துக்கு இப்ப எருமைக் கன்னு வருமா சாமி?"

"கன்னு வருமுங்க பெரியம்மா. கறவை வராது."

"அப்ப அன்னைக்கும் நட்டம், இன்னைக்கும் நட்டம்" என்று சிரிச்சாங்க. நான் எதிர்பார்க்கலை. "இது எம் பேர்ல வாங்கினதில்லை கண்ணு. அவளைக் கேளு."

அக்காவுக்கு அங்கேயே போன் போட்டோம். அக்கா ரொம்ப நேரம் பேசலை. "விக்கோணும்னு அவசரம் ஒண்ணும் இல்லியே தம்பி? தேருக்கு வரும்போது பார்க்கறேன்" என்று மட்டும் சொன்னாங்க.

தைப்பூசத் தேருக்கு வந்தாங்க. அறுபது வயசைத் தாண்டியாச்சு, முழங்கால் வலி. பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் தாளை நகத்தால உரிச்சுப் போட்டாங்க. நான் வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன், தம்பி முகம் ஞாபகம் வந்தது. சொல்லலை. ஆம்பளை வாட்ச், சங்கிலி பெரிசு, அக்கா மணிக்கட்டுல சுத்திச் சுத்தி வந்தது. ராஜவீதியில ஒரு கடையில ரெண்டு கண்ணி கழட்டிப் போட்டாங்க. அதைக் கட்டிக்கிட்டே தேர் பார்த்துட்டு, அதோடயே காங்கயம் போயிட்டாங்க. தினமும் கட்டறாங்களாம். கை அசைஞ்சுக்கிட்டே இருந்தாத்தானே அது ஓடும், எனக்கு அதுக்கு என்ன குறைச்சல், மாட்டுத் தட்டு அறுக்கறேன், பாத்திரம் விளக்கறேன் என்றாங்க.

தம்பி நேத்து போன் பண்ணினார். விவரத்தைச் சொன்னேன். சங்கிலியில கண்ணி கழட்டினதையும், கண்ணாடியில அரிவாள் புடி பட்டுக் கீறல் விழுந்ததையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம், "சர்வீஸ் பண்ணாம ஓட்டினா உள்ள சக்கரம் தேஞ்சுருமுங்ணா. எண்ணெய் காஞ்சிருக்கும். நானே வந்து எடுத்துட்டுப் போயி, நல்ல ஆள்கிட்டக் கொடுத்துச் சரிபண்ணித் தரேன்னு அக்காகிட்டச் சொல்லுங்க. காசு வேண்டாம்" என்றார்.

சொல்லிட்டேன். அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்காங்க. அய்யனோட ஜனதாவையும் அப்படியே கொடுத்தனுப்பலாம்னு இருக்கேன். இப்பல்லாம் நாளைக்கு நாலு நிமிஷம் பின்னாடி போகுது.